குழந்தை வளர ஓராண்டு போதாது

ஆசிரியருக்கு,

ஆண்டுதோறும் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பதை வைத்தே பேராசிரியர்களுக்குப் பதவி உயர்வு தருவது பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். குழந்தை வளர்ச்சி, குடும்பவியல் துறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சமும் பொருந்தாது. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமையோடு குடும்பச் சிக்கலிலும் வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தது அந்தப் பொறுமையால்தான் தெரியவந்தது.

என் ஆய்வுக்காக ஒரு வீட்டுக்கு முதல்முறை போனபோது அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள் மூன்று வயதுச் சிறுமி. நான்காம் முறை அவளே கதவைத் திறந்து, “இன்னைக்கு என்ன கேக்கப் போறீங்க?” என்றாள். இடையில் இரண்டு ஆண்டுகள். என் ஆண்டறிக்கையில் அவை ‘வெளியீடு ஏதுமில்லை’ என்றே பதிவாயின. சரி, படிவத்தில் அவளுக்கு ஏது கட்டம்! நீண்டகால ஆய்வில் இருப்பவர்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மதிப்பிடலாம். திரட்டிய தரவையும், விலகாமல் தொடரும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்க்கலாம்.

– குடும்பவியல் ஆய்வாளர் ஒருவர்