வகுப்பெடுக்கப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே போடியில் எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மூன்று நாளாக மலைப்பக்கம் சாரல், துணி காயவே மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் உங்கள் மாவட்டத்து நர்ஸுகளுக்கு 3 நாள் தாய்ப்பால் பயிற்சி, 40 பேர் வருவார்கள், நீதான் எடுக்க வேண்டும் என்றாய். "இத்தனை வருஷம் பார்த்தவ நீ, என்ன சொல்லணும்னு சொல்லும்மா" என்றாய். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பேச்சில் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் கதையையே சொல்கிறேன். உனக்கு நான் பால் கொடுத்தது 23 நாள்தான். அது உனக்குத் தெரியும். ஏன் அப்படி ஆயிற்று என்று நான் சொன்னதில்லை.

1990-இல் நீ பிறந்தபோது நான் கிராம சுகாதார செவிலியராகி 3 வருடம் ஆகியிருந்தது. குடிசைகளில் லாந்தர் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்திருக்கிறேன். ஊரே என்னை நர்ஸம்மா என்றது. அப்படிப்பட்ட எனக்கே பால் கொடுக்கத் தெரியவில்லை. 18 மாதப் படிப்பில் தாய்ப்பாலுக்கு இருந்தது அரைப் பக்கம். "தாய்ப்பாலே சிறந்தது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. காம்பில் புண் வந்தால் என்ன செய்வது, பிள்ளை வாய் வைக்காமல் அழுதால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் உனக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரத்தைப் பார்த்துப் பால் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. நீ காம்பு நுனியை மட்டும் பிடித்து இழுத்து வெடிக்க வைத்தாய். ஒரு சிஸ்டர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "உனக்குப் பால் பத்தாதும்மா, டின் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அரை நிமிடம்கூட நின்றிருக்க மாட்டார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பால் நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. அப்பா பஸ் ஏறிப் போய் டின் வாங்கி வந்தார். புட்டியில் பழகிய பிறகு நீ மார்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இரண்டாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்து உன் தலையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள்.

அந்த சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படித்ததும் அதே அரைப் பக்கம்தான். உன் முன்னால் வந்து உட்காரப் போகிற 40 பேரில் பலர் தங்கள் பிள்ளைக்கு டின் பால் கொடுத்தவர்களாக இருப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு முதல் படமாகவே தாய்ப்பாலின் நன்மைகள் என்று பட்டியல் போடாதே. முதல் அரை மணி நேரம் அவரவர் கதையைச் சொல்ல விடு. அழுகிறவர்கள் அழட்டும். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் மனசு காது கொடுக்கும்.

1996-இல் மதுரையில் 3 நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். தாய்ப்பாலுக்கு ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1989-இல் சொன்ன பத்து படிகளை வைத்து நடத்தின வகுப்பு. அதில் இரண்டாவது படியே, பணியாளர் அத்தனை பேருக்கும் இந்தத் திறமையைக் கற்றுத்தர வேண்டும் என்பதுதான். வகுப்பெடுத்த டாக்டரம்மா முதல் நாள் காலையிலேயே எங்களைப் பிரசவ வார்டுக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு தாய்க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். "20 நிமிஷம் பார்க்க மட்டும் செய்யுங்க. வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது" என்றார். 9 வருட சர்வீஸில் ஒரு பிள்ளை பால் குடிப்பதை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் எட்டிப் பார்த்து, "குடிக்குதா? சரி" என்று எழுதிவிட்டுப் போனவள்தான் நானும்.

அந்த 20 நிமிடத்தை உன் வகுப்பிலும் வை. நேரம் போதாவிட்டால் படக்காட்சியில் குறைத்துக்கொள். பார்க்கும்போது எதைப் பார்ப்பது என்று சொல்லிக் கொடு. வாய் அகலத் திறந்திருக்கிறதா, தாடை மார்பில் முட்டுகிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, காம்பைச் சுற்றிய கருவளையம் கீழே மறைந்து மேலே கூடுதலாகத் தெரிகிறதா. இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலும் காம்பு வலிக்காது. வலிக்கிறதென்றால் பெரும்பாலும் பிடிப்பு சரியில்லை. சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரம் விட்டு மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எனக்கு இது தெரிந்திருந்தால் 23 நாள் என்பது இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

டாக்டரம்மா செய்த இன்னொரு காரியம். எல்லார் கையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, கழுத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கச் சொன்னார். முழுங்க முடியாமல் எல்லாருக்கும் புரையேறியது. "மல்லாக்கப் போட்டுத் தலையை மட்டும் திருப்பி வாயில் வைக்கிறீங்களே, அந்தப் பிள்ளைக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பிறகு நான் எத்தனையோ வீடுகளில் மாமியார்களிடம் இதைச் செய்துகாட்டியிருக்கிறேன். ஒருவர்கூட மறுத்துப் பேசினதில்லை. பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டி, உடம்பு முழுவதும் தாங்கலாக. இதைப் பொம்மை வைத்து ஒவ்வொருத்தரும் செய்துகாட்டாமல் வகுப்பை விட்டு அனுப்பாதே.

நீ எம்.எஸ்சி. படித்தபோது எனக்குப் படித்துக் காட்டினாயே, பெலாரஸ் ஆராய்ச்சி, அதை நான் மறக்கவே இல்லை. 31 ஆஸ்பத்திரிகள், 17,046 தாய்-சேய். சீட்டுப் போட்டமாதிரிப் பிரித்து ஒரு பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மட்டும் டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி எல்லாருக்கும் பயிற்சி. மற்றவை பழையபடி. 3 மாதம் ஆனபோது தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைகள் பயிற்சி பெற்ற இடங்களில் நூற்றுக்கு 43, மற்ற இடங்களில் 6. முதல் வருடத்தில் குடல் தொற்று வந்த பிள்ளைகள் பயிற்சி பெற்ற இடங்களில் நூற்றுக்கு 9, மற்ற இடங்களில் 13. 2001-இல் வெளிவந்தது என்று சொன்னாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நாட்டுத் தாய்மார். எல்லாருமே பால் கொடுக்க ஆரம்பித்தவர்கள். பக்கத்தில் நின்ற நர்ஸும் டாக்டரும்தான் வேறு வேறு. பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரிகளில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்றாம். 3 நாள் வகுப்போடு முடிந்தது என்று உன் மேலதிகாரிகள் நினைத்தால் இந்தக் கணக்கை அவர்களிடம் காட்டு.

யார் யாரைக் கூப்பிடுகிறாய் என்பதிலும் கவனமாக இரு. நம் மாநிலத்தில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த பிள்ளைகள் நூற்றுக்கு 60 வாக்கில்தான். எல்லாரும் நம் கண் முன்னாலேயே பிறக்கிறார்கள், அப்புறமும் ஏன்? சிசேரியன் நூற்றுக்கு 44.9 என்கிறது அதே ஆய்வு. தியேட்டரிலிருந்து பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் போகிறார்கள். அதனால் லேபர் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் மட்டும் வந்தால் போதாது. தியேட்டர் சிஸ்டர் வேண்டும். பிள்ளையைத் துணியில் சுற்றிப் பாட்டி கையில் கொடுக்கிற ஆயாம்மா கட்டாயம் வேண்டும். அந்த நேரத்தில் ஆயாம்மா சொல்கிற பேச்சுக்குத்தான் வார்டில் மதிப்பு. தையல் போட்ட தாய்க்கு ஒருக்களித்துப் படுத்தபடி எப்படிக் கொடுப்பது, பிள்ளையைக் கக்கத்துக்கடியில் வைத்து வயிற்றில் படாமல் எப்படிப் பிடிப்பது என்பதை ஆயாம்மாவுக்கே முதலில் சொல்லிக்கொடு.

இனி பேச்சைப் பற்றி. எனக்கு ரொம்பக் கடினமாக இருந்த பாடம் இதுதான். "பால் போதுமா?" என்று கேட்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. எனக்குப் புரியவில்லை. அதைத்தானே தினமும் கேட்கிறோம்? அந்தப் "போதுமா"வைக் கேட்டவுடனேயே தாய்க்குச் சந்தேகம் வந்துவிடும் என்றார். "பிள்ளை எப்படிக் குடிக்கிறான்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவளே சொல்லுவாள். பயமும் வலியும், பாலை இறக்கிவிடுகிற ஆக்ஸிடோசின் சுரப்பைத் தடுக்கும், பால் இருந்தும் இறங்காது என்பது உனக்கே தெரியும். நம் வாய்ச்சொல்லுக்கும் அவள் உடம்புக்கும் நடுவில் இடைவெளியே இல்லை, கண்ணு. போதுகிறதா என்பதை அவளிடம் கேட்டு அறிய வேண்டாம். ஒரு வாரப் பிள்ளை நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போகிறதா, முதலில் குறைந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்ததா என்று நாம் பார்த்துக்கொள்ளலாம்.

மலையடிவாரத்தில் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிற ஒரு பெண். பெயர் வேண்டாம். "பால் தண்ணியா இருக்கு, இது பிள்ளைக்கு எப்படி ஒட்டும்" என்று மாமியார் கழுதைப்பாலுக்கு ஆள் பிடித்து வைத்திருந்தார். பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்களே, அந்தச் சேனையும் தொட்டு வைத்தாயிற்று. பழைய நான் என்றால் அந்த அம்மாளைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு, "உங்க பிள்ளைகளை எப்படி வளர்த்தீங்கம்மா?" என்று கேட்டேன். ஐந்து பிள்ளைகளைப் பால் கொடுத்து வளர்த்தவர். ஒரு மணி நேரம் பேசினார். அதன் பிறகு, முதலில் வருவது தாகத்துக்கு, கடைசியில் வருவது பசிக்கு, அதனால் ஒரு பக்கம் காலியாகும்வரை குடிக்க விடுங்கள் என்றேன். கழுதைக்காரரை அவரே திருப்பி அனுப்பினார். பால் சுறாப் புட்டு, பூண்டு என்று மருமகளுக்குச் செய்து போட்டார். பால் ஊறுவது பிள்ளை சப்புவதால்தான். ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்கு ஒருத்தர் அக்கறையாக ஆக்கிப் போடுவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. உன் வகுப்பில் யாராவது அதைக் கேலி செய்தால் விடாதே.

என் தவறு ஒன்றையும் அவர்களிடம் சொல். பல வருடம் நான் நாலாம் மாதமே கூழ் ஆரம்பிக்கச் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 2001-இல் உலக சுகாதார சபை 6 மாதம் என்று தீர்மானித்தது. எங்கள் கூட்டத்தில் அதைச் சொன்னபோது, நான் சொல்லிக் கேட்டுக் கூழ் கொடுத்த தாய்மார் முகமெல்லாம் கண் முன்னால் வந்தது. அதனால் இந்தப் பயிற்சி வாழ்க்கைக்கு ஒரு தடவை என்று இருக்கக் கூடாது. இரண்டு வருடத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நீயே போய், அவர்கள் ஒரு தாய்க்கு உதவுவதைப் பக்கத்தில் நின்று பார்.

டின் பால் கம்பெனிக்காரர்கள் கட்டாயம் வருவார்கள். மதியச் சாப்பாடு, பை, பேனா என்பார்கள். டின் பால் விற்பனையைக் கட்டுப்படுத்துகிற 1992 சட்டமும் அதன் 2003 திருத்தமும், அவர்கள் சுகாதாரப் பணியாளருக்கோ சங்கத்துக்கோ கருத்தரங்குச் செலவு கொடுப்பதையே தடை செய்கின்றன. தயிர்சாதம் கட்டிக்கொண்டு வரச் சொல், போதும்.

கடைசியாக, எல்லா முயற்சியும் செய்தும் பால் போதாத தாய்மார் உண்டு. மருந்தினாலும் நோயினாலும் கொடுக்க முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சங்கில் எப்படிச் சுத்தமாகப் புகட்டுவது என்பதும் இதே பயிற்சியில் சேர்ந்ததுதான். வார்டில் டின்னோடு நிற்கிற தாயை முறைத்துப் பார்க்கிற நர்ஸை நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி டின்னோடு நின்றவள். உன்னைப் புட்டியில் வளர்த்தபோது ஒவ்வொரு தடவை வெந்நீர் ஆற்றும்போதும் கை நடுங்கியது. அந்தத் தாய்க்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார அவர்களுக்குச் சொல்லிக்கொடு.

மதுரைப் பயிற்சி முடிந்து அடுத்த வருடம் தம்பி பிறந்தான். அவனுக்கு இரண்டேகால் வருடம் கொடுத்தேன். அவன் குடிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் பொம்மைக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா?

பயிற்சியில் செய்துகாட்ட நான் தைத்து வைத்திருந்த துணி மார்பைப் பரணிலிருந்து எடுத்தேன். அப்பத்தாவின் காப்பிக் கலர் சேலையில் தைத்தது. பழைய பஞ்சு கட்டியாகிவிட்டதால் வெயில் வந்ததும் புதுப்பஞ்சு அடைக்கிறேன். காம்புக்கு வைத்த பொத்தான் ஒன்று தொங்குகிறது, அதையும் தைத்துவிடுகிறேன். சித்தப்பா வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். 40 பேருக்கு ஒன்று காணாது. அளவுத்தாளும் உள்ளே வைக்கிறேன், பழைய சேலை இருந்தால் நீயும் ராத்திரியில் உட்கார்ந்து நாலைந்து தைத்து வை.

அன்புடன்,
அம்மா