நீர்த்தேக்க வால்பகுதிப் பறவை வாழிடப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நீர்த்தேக்கத்தின் வால்பகுதியில், அதாவது அணைக்கு எதிர்முனையில் நீர் வந்து சேரும் ஆழமில்லாத பகுதியில், எடுத்துக்கொண்ட வேலைகள் முடிந்துவிட்டன. தணிக்கை செய்த வரவு செலவு தனியே இணைக்கப்பட்டுள்ளது. இங்கே வேலையைப் பற்றி மட்டும்.

அணை கட்டுவது ஆழத்துக்காக. சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கோ 5 செ.மீ. தண்ணீர் போதும். கிளுவையும் ஊசிவால் வாத்தும் தலைகீழாகக் கவிழ்ந்து மேய 30 செ.மீ.க்குள் வேண்டும். நடுத்தேக்கம் பயன்படுவது நீர்க்காகம், முக்குளிப்பான் போன்றவற்றுக்குத்தான். பாசனத்துக்கு மதகு திறந்ததும் முதலில் காய்வது ஆழமில்லாத விளிம்பு என்பதே சிக்கல்.

எனவே வால்பகுதிக்குக் குறுக்கே 1.2 மீட்டர் உயரத் துணைக்கரையும் அதில் ஒரு பலகை மதகும் (ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய பலகைகளை எடுத்து நீர்மட்டத்தைக் குறைக்கும் மதகு) அமைத்தோம். பலகை ஒவ்வொன்றும் 10 செ.மீ. உயரம். தேக்கம் இறங்கிய பிறகு வாரத்துக்கு ஒன்றாக எடுத்தால், புதுச் சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். பறவைகளுக்குப் புழு கிடைத்துக்கொண்டே இருக்கும். மொத்தமாகத் திறந்தால் ஒரே வாரத்தில் விருந்து முடிந்துவிடும். தேக்கம் நிரம்பும்போது இக்கரை மூழ்குமாதலால் உச்சியிலும் இருபுறச் சரிவிலும் அலைகல் (அரிப்பைத் தடுக்கும் கற்கள்) பதித்துள்ளோம்.

முதல் நிரப்பிலேயே மதகுக் குழாயை ஒட்டி நீர் கசிந்து மண்ணை அரித்தது. குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் வைக்காதது எங்கள் தவறு. தோண்டி, வளையம் கட்டி, களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகத் திமிசு போட்டு இறுக்கிய பின் கசிவு நின்றது.

தீவுகள் இரண்டு. அவற்றுக்கான மண்ணைச் சுற்றிலுமே வெட்டியதால் 1.5 மீட்டர் ஆழ அகழி கிடைத்தது. நீர் இறங்கினாலும் நாய், நரி நடந்து போக முடியாது. மண் அமருமென்று 15 விழுக்காடு கூடுதல் உயரம் கொடுத்தோம். மேலே சரளை பரப்பியிருக்கிறோம், மரம் நடவில்லை. காரணம், ஆற்று ஆலா என்னும் மீனுண்ணிப் பறவை திறந்த தரையில்தான் முட்டையிடும். கர்நாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத் தீவுகளில் அது கூட்டமாகக் கூடு வைக்கிறது. புல் மூடினால் வராது. ஆண்டுதோறும் களையெடுக்க வேண்டும்.

ஆகாயத்தாமரையை முழுக்க அகற்றினோம் என்று சொல்ல மாட்டோம். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். நாம் சேற்றைத் திறக்கத் திறக்க அதுவும் முளைக்கும். பூக்கும் முன் நாற்றாகவே பிடுங்கி, முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு மேல் கொட்டவும். கீழே கொட்டினால் அடுத்த வெள்ளத்தில் மிதந்து திரும்பிவிடும்.

ஆலாக்கள் அடைகாக்கும்போது கோடைமழை பெய்து நீர் ஏறத் தொடங்கினால், முட்டை நனையும் முன் பலகை எடுத்தாக வேண்டும். பெருந்தேக்க மட்டம் துணைக்கரைக்குக் கீழே இருக்கும்வரைதான் இது பலிக்கும். மதகுச் சாவி ஒன்று பாசனப் பிரிவிடமும் மற்றொன்று குழுவிடமும் உள்ளன; பலகை எடுத்த நாளையும் மட்டத்தையும் பதிவேட்டில் எழுதவும்.

இப்படிக்கு,
பணிக்குழு