மல்லாவி அக்காவுக்கு நன்றி

அக்கா, உங்கட பேரைக் கேக்க மறந்துபோனன். ஊர் மல்லாவி எண்டு சொன்னது மட்டும் ஞாபகம்.

21 நாளுக்கொருக்கா அம்மாவுக்குக் கீமோ. புதுக்குடியிருப்பிலயிருந்து பரந்தன் வந்து, பஸ் மாறித் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அண்டைக்கு விடிய விடியச் சத்தி. குழாயடியில துணி அலசிக்கொண்டு நிண்டு அழுதிட்டன்.

ஏன் அழுறாய் எண்டு நீங்கள் கேக்கேல்லை. வாளியை வாங்கினீங்கள். "கீமோ ஏத்தி ரெண்டு நாளைக்கு இதை வெறுங்கையால தொடக்கூடாது பிள்ளை" எண்டு கையுறை மாட்டி நீங்களே அலசினீங்கள். "போய்ப் படு, அம்மாவை நான் பாக்கிறன்." உங்கட அவரும் பக்கத்து வாட்டிலதான் கிடந்தவர், அக்கா.

ரெண்டு மணித்தியாலம் நித்திரை. எழும்ப, துணி கொடியில. பிளாஸ்க் மூடியில எனக்குப் பிளேன்ரீ, பக்கத்தில பனங்கட்டித் துண்டு. அம்மாவுக்கு எப்பிடி எண்டு கேக்காத ஆளில்லை. "உனக்கு எப்பிடி?" எண்டு கேட்டது நீங்கள் மட்டும்தான்.

மல்லாவிப் பக்கம் ஆராவது இதைப் பாத்தால் அவவிட்டக் காட்டுங்கோ. அக்கா, அண்ணை இப்ப சுகமோ?