பாறைமேல் இருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி

புதுக்கோட்டை, திருச்சி, கரூர் பக்கம் நிலநடுக்கமானி வைக்க இடம் கொடுத்த ஊராட்சித் தலைவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

மே 1 கிராம சபையில் ஓர் ஊரில் எங்கள் பெட்டியை எடுக்கச் சொல்லிப் பேச்சு வந்தது. "பூமிக்குள்ள என்ன இருக்குன்னு படம் எடுக்கிறீங்க, நாளைக்கு எண்ணெய்க் கம்பெனி வந்து நிக்காதா?" என்று ஓர் அம்மா கேட்டார். "இது வேறம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் செய்யும் கணக்கும் எண்ணெய் தேடுபவர்கள் செய்யும் கணக்கும் அண்ணன் தம்பி முறைதான். 1984-இல் புவி இயற்பியலாளர் ஆல்பர்ட் டாரன்டோலா இந்தக் கணக்கு முறையை எழுதியதே அந்தத் துறையின் அலைப்பதிவுகளை மனத்தில் வைத்துத்தான். ஆனால் அவர்கள் வெடி வைத்தோ, லாரியில் கனமான தகட்டைக் கொண்டுவந்து அதிரவைத்தோ தாங்களே அதிர்வை உண்டாக்குகிறார்கள். நாங்கள் எதையும் அதிரவைப்பதில்லை. எங்கோ பூமி அதிரும்வரை பெட்டி காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சுமத்ராவில் நிலநடுக்கம் வந்தால் நான்கைந்து நிமிடத்தில் அலை உங்கள் ஊருக்குக் கீழே வந்துவிடும். உங்களுக்குத் தெரியாது, பெட்டிக்குத் தெரியும். தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு தரை அசைந்தாலும் அது பதிந்துவிடும்.

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். சத்தம் வந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? எப்படி வந்தது, கணீரென்று நின்றதா, பிசிறியதா என்றுதான் காது கேட்கிறது. பல காலமாக நிலநடுக்க ஆய்வில் அலை எத்தனை மணிக்கு வந்தது என்பதை மட்டும் வைத்துப் படம் வரைந்தார்கள். இப்போது அலையின் முழு வடிவத்தையும், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் எடுத்துக்கொள்கிறோம். பூமிக்குள் இப்படி இருக்கலாம் என்று ஓர் ஊகத்தில் தொடங்கி, அப்படி இருந்தால் உங்கள் பெட்டியில் என்ன கோடு விழும் என்று கணினியில் போட்டுப் பார்ப்போம். நிஜக் கோட்டோடு ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை வந்த வழியே பின்னோக்கி ஓடவிட்டால், எந்த இடத்தில் ஊகம் தப்பு என்று காட்டிக்கொடுக்கும். திருத்திவிட்டு மறுபடியும் ஓட்டுவோம். 2020-இல் வெளிவந்த, உலகம் முழுவதற்குமான பூமியின் உட்புறப் படம் ஒன்றுக்கு 1,480 நிலநடுக்கங்களை வைத்து, முன்பே இருந்த படத்தை மேலும் 10 முறை இப்படித் திருத்தினார்கள்.

சரி, இதில் எண்ணெய் தெரியுமா? தெரியாது. நாங்கள் பெரிதும் நம்புவது 20 விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் அலைகளை. அப்படிப்பட்ட ஓர் அலையின் நீளமே எழுபது, எண்பது கிலோமீட்டர். அதைவிட மிகச் சிறியது எதுவும் அதன் கண்ணுக்குப் படாது. சில நூறு மீட்டர் தடிமனுள்ள எண்ணெய்ப் படுகை எப்படித் தெரியும்? நாங்கள் பார்ப்பது நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆழத்தையும் அதற்குக் கீழேயும்.

அப்புறம், ஏன் உங்கள் ஊர்? பெட்டி இருக்கும் கல் மிகப் பழையது, அமைதியான கல். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவான ஓர் இடம் இருக்கிறது. பூமியின் சீரான வடிவத்தோடு ஒப்பிட்டால் அங்கே கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அடியில் என்ன இருப்பதால் அப்படி என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. அதற்கடியில் புகுந்து வரும் அலைகளைக் கேட்க இந்தியாவின் தென்கோடியில் காது வேண்டும். கிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் நிலநடுக்க அலைகள் நிறைய வருகின்றன. தெற்கிலிருந்து நல்ல அலை வருவது அபூர்வம்.

போன வருடம் ஓர் ஊரில் சோலார் தகட்டிலிருந்து வரும் ஒயரை யாரோ அறுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் பதிவு இல்லை. அந்த ஒன்பது நாளில்தான் தெற்கே கடலுக்கடியில் ஒரு நல்ல நிலநடுக்கம் வந்தது. பக்கத்துப் பெட்டிகளில் அழகான கோடு. அந்த ஊரின் கோப்பைத் திறந்தால் வெறும் தட்டையான வரி. அந்த அலை திரும்ப வராது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் கேட்கிறேன். இன்னும் ஒரு வருடம் பெட்டி அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் புதிதாக மோட்டார் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு போன் செய்யுங்கள், நாங்களே வந்து பெட்டியைத் தள்ளி வைத்துக்கொள்கிறோம். இதில் பதிவாவதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைப்போம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தால் மறுநாளே எடுத்துவிடுகிறோம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மடிக்கணினியோடு வருகிறேன். உங்கள் ஊர்ப் பெட்டி பதிந்த சுமத்ரா அலையைத் திரையில் காட்டுகிறேன். அந்த அம்மா அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
மாதம் ஒருமுறை உங்கள் ஊருக்கு பேட்டரி பார்க்க வரும் ஆராய்ச்சி மாணவி