பந்து ஆன்ட்டிக்கும் மற்ற எல்லாருக்கும்

நம்ம ஃபுட்பால் கிளப் கடனிலிருந்து பிழைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி பாக்கியைக் கட்டி, ரசீதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கார் வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்து வந்தேன், உள்ளே உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது, சாவி போடவே கொஞ்ச நேரம் ஆனது. இந்த ஒன்றரை வருடம் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள், யார் செய்யாமல் விட்டார்கள் என்பதெல்லாம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நம்ம பக்கத்தில் தெரியாத வீடே கிடையாது. அதைக் கிளற எனக்கு இஷ்டம் இல்லை. நன்றி சொல்ல வேண்டும், அதையும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும், ஆறிவிட்டால் நானும் அடுத்த சனிக்கிழமை மேட்ச்சில் யாரை பேக்கில் போடலாம் என்று பேசப் போய்விடுவேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமையும் விடிகாலை மூன்று மணிக்கே வந்து நிதி திரட்டும் பிரியாணிக்கு விறகடுப்பு மூட்டிய அங்கிள்மார், பெரிய அண்டாக்களை வாடகை கேட்காமல் தந்த கோயில் கமிட்டி, மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்த ஆன்ட்டிமார், வக்கீல் கடிதத்தைப் பார்த்து நாங்கள் வெலவெலத்து நின்றபோது ஃபீஸ் வாங்காமல் உட்கார்ந்து வரிவரியாக விளக்கிய அக்கா, பக்கத்து டவுன்ஷிப் உம்லாசியிலிருந்து வந்து நட்பு ஆட்டம் ஆடி, எங்களை இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டு, டிக்கெட் பணத்தில் ஒரு ராண்டுகூடத் தொடாமல் டாக்ஸி வாடகையையும் தாங்களே கொடுத்துக்கொண்டு போன பையன்கள், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் பணம் அனுப்பிய பழைய ஆட்டக்காரர்கள், எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெயர் போட்டு எழுதினால் யாராவது ஒருவர் விட்டுப்போகும். விட்டுப்போனவர் அடுத்த காவடி வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ஆனால் பந்து ஆன்ட்டிக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இந்த கிரவுண்டில் விளையாடிய யாருக்கும் அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கோலுக்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் அவருடைய மிளகாய்ச் செடிகள், ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு நாய். பாருக்கு மேலே போன பந்து அந்தப் பக்கம் விழுந்தால் அவ்வளவுதான், போனது போனதுதான். அவர் பந்தைக் கத்தியால் கிழித்துவிடுவார் என்று எங்களுக்குள் ஒரு கதை இருந்தது. கத்தியை நேரில் பார்த்ததாகச் சொன்னவனும் உண்டு, அவன் இன்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைஸ் பிரின்சிபால். தைரியமான ஒன்றிரண்டு பேர் மதில் ஏறிக் குதித்து நாயிடம் கால்சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பிப்ரவரியில் நிலைமை எப்படி இருந்தது என்றால், முப்பது பிள்ளைகளுக்கு இரண்டே பந்து, அதில் ஒன்று ஒரு பக்கம் பிதுங்கி உருளைக்கிழங்கு மாதிரி ஓடும். அந்தச் சமயத்தில் ஒரு நாள் மதிலுக்கு மேலே ஆன்ட்டியின் தலை தெரிந்தது. "பந்து வாங்கக்கூடக் காசில்லையாமேடா? இங்கே வாங்க." நாங்கள் நாலு பேர் போனோம், நாற்பது வயசை நெருங்குகிறவர்கள், கேட் வாசலில் சின்னப் பிள்ளைகள் மாதிரி நின்றோம். கராஜைத் திறந்தார். உள்ளே பழைய குளியல் தொட்டி ஒன்று, அதற்குள்ளும் அதைச் சுற்றியும் பந்துகள். எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொன்று.

ஒன்றையும் அவர் கிழிக்கவில்லை. சொல்லப்போனால் தைத்து வைத்திருந்தார். டவுனில் துணி ஃபேக்டரியில் இருபத்தேழு வருடம் மெஷினில் உட்கார்ந்தவர் அவர், 90களில் வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்ததில் டர்பனில் ஒன்றன்பின் ஒன்றாக ஃபேக்டரிகள் மூடினபோது அவருடையதும் மூடியது, அந்தக் கை சும்மா இருக்குமா. தையல் விட்டுப்போன தோல் பந்துகளை மெழுகு தடவிய நூலால் கையாலேயே இழுத்துத் தைத்திருந்தார். டயர் கடைப் பையன் காற்று அடித்துப் பார்த்தான், பத்தொன்பது பந்து நின்றது. அப்புறம் அந்தப் பத்தொன்பதில்தான் சீசன் முழுக்க ஆடினோம்.

தொட்டியின் அடியில் என் பந்தும் இருந்தது. 1997இல் அப்பா வாங்கித் தந்தது, நம்ம டர்பன் டீம் மேனிங் ரேஞ்சர்ஸ் லீக் ஜெயித்த சந்தோஷத்தில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன், அதனால் பந்தில் என் பெயரைத் தமிழில் எழுதிவைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மதிலைத் தாண்டிவிட்டது. எழுத்து இன்னும் லேசாகத் தெரிகிறது. ஆன்ட்டி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்கே ள போடணும்டா, ல போட்டிருக்கே" என்றார்.

ஏன் ஆன்ட்டி இத்தனை வருஷமாகத் தரவில்லை என்று ஒருவன் கேட்டுவிட்டான். "முப்பது வருஷத்திலே ஒருத்தனாவது கேட்டைத் தட்டி, ஆன்ட்டி பந்து கொடுங்கன்னு கேட்டீங்களாடா?"

கேட்டதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், நிஜமாகவே யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு வேறொன்று உறுத்தியது: கடனையும் இதே மாதிரிதானே செய்தோம். மானம் போய்விடும் என்று பல மாதம் வெளியே மூச்சு விடாமல் கமிட்டிக்குள்ளேயே பூட்டி வைத்தோம், சொன்ன பிறகு நாலே வாரத்தில் ஊரே வந்து நின்றது. முன்னாடியே கேட்டிருந்தால் வட்டியாவது மிஞ்சியிருக்கும்.

மேனிங் ரேஞ்சர்ஸை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. 1928இல் தொடங்கிய கிளப், 1996-97இல் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசனிலேயே சீஃப்ஸ், பைரட்ஸ் மாதிரி பெரிய டீம்கள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி கோர்டன் இகெசுண்ட் பயிற்சியில் சாம்பியன், அப்பா தோளில் என்னை உட்கார வைத்து சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில் காட்டிய கிளப். பத்து வருடத்துக்குள் பணமில்லாமல் விலைபோய், கேப் டவுனுக்குப் போய், பெயரும் போய்விட்டது. அவ்வளவு பெரியதே அப்படிப் போனபோது நாம் எம்மாத்திரம். டவுனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸிலிருந்து, இனவாரியாக ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் இங்கே தள்ளப்பட்டபோது தாத்தாமார் பாத்திரம் பண்டத்தோடு கோல் கம்பத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தக் கம்பத்தை என் காலத்தில் பழைய இரும்புக்குப் போட விட்டேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். அதனால் இதை எல்லாரும் பார்க்கவே எழுதுகிறேன்: இனி ஒவ்வொரு மாதக் கணக்கும் டிரெஸ்ஸிங் ரூம் கதவில் ஒட்டப்படும், வரவு, செலவு, கடன் இருந்தால் அதுவும். ஒட்டவில்லை என்றால் என் வீட்டுக்கே வந்து கேளுங்கள், தயவுசெய்து கேட்டைத் தட்டிக் கேளுங்கள், எங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது.

நேற்று காலை அண்டர் 11 மேட்ச். பத்தாவது நிமிடத்திலேயே ஒரு பையன் ஓங்கி உதைத்து, பந்து மதிலுக்கு அந்தப் பக்கம். பழக்க தோஷத்தில் நாங்கள் பெரியவர்கள் எல்லாம் வாயடைத்து நின்றோம். உதைத்தவன் மட்டும் சுற்றிப் போய்க் கேட்டைத் தட்டினான், உள்ளே போனான், கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு ஓடி வந்தான்.

"மிளகாய்க்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்காங்களாம், மேட்ச் முடிஞ்சு வந்து வாங்கிக்கச் சொன்னாங்க."