மட் நிரலைச் சீர்செய்ய உதவியவருக்கு நன்றி

முனையத்திலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் உரைத்திரையிலேயே) மின்னஞ்சலைப் படிக்கவும் எழுதவும் உதவும் மட் நிரலை நிறுவியபோது, சேவையகத்திலுள்ள அஞ்சல்களைப் படிக்க உதவும் ஐமேப் நெறிமுறை வழியாக அஞ்சல்கள் தடையின்றி வந்தன. அனுப்ப மட்டும் முடியவில்லை. பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் பொறுமையுடன் வழிகாட்டினார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி.

என் அமைப்புக் கோப்பைக் கேட்பதற்கு முன்பே, மட் நிரலை '-d 2' என்ற விருப்பத்துடன் இயக்கி, அதன் பிழைப்பதிவைக் கடவுச்சொல் நீக்கி அனுப்பச் சொன்னார். அஞ்சல் அனுப்பும் சேவையகத்தின் முகவரி 'எஸ்எம்டிபிஎஸ்' (பாதுகாப்பான இணைப்பில் அஞ்சல் அனுப்பும் முறை) என்று தொடங்கியும் துறை எண் (சேவையகத்தின் இணைப்பு வாயிலுக்கான எண், 'போர்ட்') 587 ஆக இருப்பதை அதிலிருந்தே கண்டுகொண்டார். 465-ஆம் துறையில் இணைப்பு முதல் கணத்திலிருந்தே மறையாக்கத்துடன் (பிறர் படிக்க முடியாத வடிவில்) தொடங்கும் என்றும், 587-இல் அது வெறும் உரையாகத் தொடங்கி ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகே மறையாக்கத்துக்கு மாறும் என்றும், இரண்டையும் கலந்தால் இணைப்பைத் தொடங்கும் 'கைகுலுக்கலே' நடக்காது என்றும் அவர் விளக்கியது எந்தக் கையேட்டையும்விடத் தெளிவாக இருந்தது.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிந்ததற்கும் அவரே தீர்வு சொன்னார். பலரும் பரிந்துரைப்பதுபோல் மட் அமைப்பில் எழுத்துக் குறியாக்கத்தைத் திணிக்காமல், முனையத்தின் லொகேலை (மொழி, எழுத்து அமைப்பை) எல்லா மொழி எழுத்துகளையும் கையாளும் யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றச் சொன்னார். அதுவே முறையான வழி என்பது என் கருத்தும்கூட. வலைப்பக்க வடிவில் வரும் எச்டிஎம்எல் அஞ்சல்களுக்கு, எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்று குறிக்கும் மெயில்கேப் கோப்பில் ஒரே வரி போதுமானதாயிற்று.

பயனர் பெயரைக்கூடக் கேட்காமல் உதவிய அந்த நண்பருக்கு மீண்டும் நன்றி. இந்த நன்றிக் கடிதத்தையும் மட் வழியாகவே அவருக்கு அனுப்பியுள்ளேன்.