சவுகோஸ்கி காலி ஊர் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் கிறிஸ்துமஸ் இணைப்பில் ஃபின்லாந்து பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு ரோவனியெமியில் என்று போட்டிருந்தீர்கள். அதே வட ஃபின்லாந்தில் இருக்கும் சவுகோஸ்கியை 'ஆளில்லாத நகராட்சி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் முப்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன். இப்போது ரோவனியெமியில் மகன் வீட்டில் இருக்கிறேன். நீங்கள் எழுதிய இரண்டும் தவறு.

முதலில் அந்த 'நகராட்சி'. இங்கே சட்டப்படி உள்ளாட்சி என்றால் 'குந்தா' என்று ஒரே வகைதான். ஹெல்சிங்கியும் குந்தா, சவுகோஸ்கியும் குந்தா. பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி என்று நம்மைப் போலப் படிகள் கிடையாது. சவுகோஸ்கியின் பரப்பு சுமார் 6,500 சதுர கிலோமீட்டர். மக்கள் ஆயிரம் பேர் அளவில். ஆறு சதுர கிலோமீட்டருக்கு ஒருவர் தேறுவார். மக்கள் நெருக்கம் நாட்டிலேயே அங்குதான் மிகக் குறைவு. சரி, அதற்காக ஆளே இல்லை என்று ஆகிவிடுமா?

போன செப்டம்பரில் அங்கே போனோம். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வழியில் பத்துப் பன்னிரண்டு ரெயின்டீர் மான்கள் நடுரோட்டில் நின்றன. ஹாரனுக்கெல்லாம் அசையவில்லை. நம் ஊர் எருமைகளே தேவலை. காட்டு மிருகம் என்றுதான் நினைத்தேன். மகன் ஒன்றின் காதைக் காட்டினான்: ஓரத்தில் கத்தியால் வெட்டிய சின்னச் சின்ன பள்ளங்கள். கோடையில் கன்றுகளைப் பிடித்து இப்படி அடையாளம் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு வெட்டு, பதிவேட்டில் ஏறியது. அதைக் கேட்டதும் எனக்கு எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று எழுதிவைக்கும் எங்கள் ஆபீஸ் 'அ' பதிவேடுதான் ஞாபகம் வந்தது. காட்டில் பெரும்பகுதி அரசு நிலம்தான். ஆனால் அதில் மேயும் ஒவ்வொரு மானுக்கும் சொந்தக்காரர் உண்டு. ஆள் கண்ணில் படவில்லை என்று அந்தக் காட்டைப் புறம்போக்காக எழுதிவிட முடியாது.

ஊர், கெமி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஃபின்லாந்தின் மிக நீளமான ஆறு அது. 'சவு' என்றால் புகை. 'கோஸ்கி' என்றால் ஆறு பாறைகளில் மோதி இரைந்து ஓடும் இடம். கடைக்குள் போய்க் காபி குடித்தோம். பேச்சு அதிகமில்லை, ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது.

அப்புறம் தாத்தா விஷயம். இந்தக் குந்தாவின் ரஷ்ய எல்லையில் கோர்வதுந்துரி என்ற மொட்டைக்குன்று இருக்கிறது. 'கோர்வ' என்றால் காது. உலகத்துப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் அந்தக் காதில் விழும் என்று, தாத்தாவை அங்கே குடிவைத்தது 1927-இல் மார்குஸ் ரவுத்தியோ நடத்திய வானொலிச் சிறுவர் நிகழ்ச்சி. குன்று எல்லைக் காவல் பகுதிக்குள் வருவதால் அனுமதி இல்லாமல் ஏற முடியாது. நானும் ஏறவில்லை.

அடுத்த டிசம்பரில் வீட்டு முகவரியைச் சரியாகப் போடுங்கள். ரோவனியெமியில் இருப்பது அவருடைய ஆபீஸ்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர்,
ரோவனியெமி